கரண்ட் வந்த பிறகு அம்மா சொன்னது

"உங்கம்மா எப்படிப் பேசும்?"

என் மகள் மோக்ஷிதா இதைக் கேட்டுச் சில மாதங்கள் ஆகிவிட்டன.

அவளுக்கு நான்கு வயது. சோறு ஊட்டும்போது கதை வேண்டும். கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் தனிக் குரல் வேண்டும். காக்காவுக்குக் கரகர, நரிக்கு மூக்கால், எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்குத் தெலுங்கு. அன்று பருப்புச் சோறு. ஜன்னலுக்கு வெளியே, திருப்பதி மலையடிவாரமான அலிபிரிக்குப் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நரி பேசி முடித்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "இப்போ உங்கம்மா மாதிரி பேசும்மா" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"உங்கம்மா எப்படிப் பேசும்?" என்று மறுபடி கேட்டாள். குழந்தைகளுக்கு நாம் தடுமாறுவது உடனே தெரிந்துவிடுகிறது.

"தண்ணி குடி" என்றேன். கையில் இருந்த சோற்றுருண்டை காய்ந்துபோயிருந்தது.

போன வாரம் இந்தப் பகுதியில், திருமலைப் படிக்கட்டில் குழந்தையின் ஒற்றைச் செருப்பைத் தொலைத்ததை எழுதியிருந்தேன். படித்த ஒரு வாசகி, "சின்ன விஷயத்துக்கெல்லாம் இவ்வளவு பயப்படுகிறீர்களே" என்று அன்பாகக் கடிந்துகொண்டிருந்தார். உண்மைதான். இந்த வாரம் எழுதப்போவது சின்ன விஷயமா, பெரிய விஷயமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு முறை எழுதி அழித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

உதட்டைப் பார்த்துக் கேட்ட வீடு

நான் பிறந்தது ஆந்திர எல்லையில் உள்ள நகரியில், விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடும் ஒரு தெருவில். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். நைனா, அதாவது என் அப்பா, அங்கே கூலிக்குத் தறி ஓட்டினார். அம்மா வீட்டிலேயே சின்ன மோட்டார் ராட்டையில் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூல்கட்டைக்குத்தான் தார் என்று பெயர்.

அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை கிடையாது. பஞ்சுத் தூசியும் இருமலும் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் அங்கே பேசிய விதம் மட்டும் வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை.

தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. உதட்டை அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். மீதிக்குக் கை. தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூல் அறுந்தால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவது. சாப்பாட்டுக்கு ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோவது. எங்கள் தெருவில் ஆட்களுக்கும் அடையாளம் உண்டு. என் கன்னத்தில் மச்சம் இருப்பதால், தன் கன்னத்தில் ஒரு விரலை வைத்தால் அது நான்.

அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். வாசலில் நின்று கன்னத்தைத் தொடுவாள். நான் ஓடுவேன்.

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் பேசியது எனக்கு நிறைய ஞாபகம் இருக்கிறது. "ஓடாதே", "எண்ணெய் வெச்சிக்கோ", "நைனாவைக் கூப்பிடு." எல்லாம் கண்ணில் இருக்கிறது. கீழுதடு ஒருபக்கம் கொஞ்சம் அதிகமாக மடங்கும். காதில் ஒன்றும் இல்லை.

உறவுக்காரர்களைக் கேட்டுப் பார்த்தேன். சித்தி, "உன் குரல்தாண்டி அப்படியே" என்றாள். மாமா, "இல்ல இல்ல, அவளுக்குக் கொஞ்சம் கட்டக் குரலு" என்றார். நான் லைனில் இருக்கும்போதே இரண்டு பேரும் போனில் சண்டை போட்டுக்கொண்டார்கள். கல்யாண வீடியோ எடுக்கிற வசதி எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் இல்லை.

கரண்ட் போனால் ரேடியோ

இந்த இடத்தில் நைனாவின் ரேடியோவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நைனாவுக்கு ரேடியோ நாடகம் என்றால் உயிர். சென்னை ரேடியோ எங்கள் ஊரில் நன்றாகவே எடுக்கும். ஆனால் தறி மோட்டார்கள் ஓடினால் ரேடியோவில் ஒரே கொரகொரப்பு. அதற்குமேல் தறிச் சத்தம் வேறு. ஆகவே எங்கள் தெருவில் ரேடியோ கேட்க ஒரே நேரம்தான் உண்டு: கரண்ட் போன நேரம்.

கரண்ட் போனதும் தெரு முழுக்கத் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். காதுக்குள் ஏதோ திறந்துகொண்டது போல இருக்கும். நைனா தறிக்கூடத்திலிருந்து ஓடி வருவார். ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்திருக்கும் பெட்டி எங்களிடம் இல்லை. தனி ரேடியோ, தனி டேப். இரண்டுக்கும் வெயிலில் காயவைத்த பேட்டரிகள். மடித்த துண்டின்மேல் இரண்டையும் எதிரெதிரே வைப்பார், இரண்டு பேர் முகம் பார்த்து உட்கார்ந்த மாதிரி. பிறகு உதட்டில் விரலை வைப்பார்.

ரேடியோவிலிருந்து காற்றின் வழியாகத்தான் டேப்புக்குச் சத்தம் போகவேண்டும். வீட்டில் எது அசைந்தாலும் அதுவும் பதிவாகிவிடும்.

அம்மா வளையல்களை மேலே ஏற்றி முந்தானையால் சுற்றிக்கொள்வாள். அடுப்பில் இருப்பதை இறக்கிவிடுவாள். எனக்குப் பசித்தால் வாழைப்பழம் தருவாள். முறுக்கு தரமாட்டாள், கடித்தால் சத்தம் வரும் என்று. என்னை மடியில் வைத்து, என் வாய்க்குப் பக்கத்தில் உள்ளங்கையைத் தயாராக வைத்திருப்பாள். மோட்டார் எண்ணெயும் பாவுக் கஞ்சியும் கலந்த வாசனை அந்தக் கையில் இருக்கும்.

கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? பாதி நாடகத்தில் வந்துவிடும். பக்கத்து வீட்டுத் தறி முதலில் எழும், பிறகு எதிர்வரிசை. நைனா சட்டென்று பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டுத் தன் தறிக்கு ஓடுவார். அம்மா ராட்டைக்குப் போவாள்.

அதனால் நைனாவின் கேசட்டுகளில் முடிவு இல்லாத நாடகங்களே அதிகம். யார் கொன்றார்கள், யார் யாரைக் கல்யாணம் செய்தார்கள் என்று தெரியாமலே பல வருடம் இருந்தார். தறிக்கூடத்தில் முடிவை இவராகவே ஒன்று சொல்லுவார், உதட்டசைவில். கேட்டவர்கள் தலையை ஆட்டுவார்கள்.

"உங்க வீட்ல பொம்பளைங்க இல்லியா?"

மோக்ஷிதா அப்படிக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்தக் கேசட்டுகள் ஞாபகம் வந்தன. அவ்வளவு நாள் பதிவு செய்திருக்கிறார். எங்கேயாவது அம்மா ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டாளா?

நைனா இப்போது திருப்பதியில் எங்களோடுதான் இருக்கிறார். கேசட்டுகள் பரண்மேல் பிஸ்கட் டின்னில் இருந்தன. சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. கண்டபடி போட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து விசாரித்ததில், சித்தூரில் பழைய ரேடியோ நிகழ்ச்சிகளைச் சேகரிக்கும் ஒருவர் இருப்பது தெரிந்தது. ஓய்வு பெற்றவர். அவரைப் போலவே பல ஊர்களில் இருக்கும் நண்பர்களோடு சேர்ந்து, வீடு வீடாகக் கிடக்கும் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இணையத்தில் போடுகிறார். நான் அவரைச் சார் என்றே கூப்பிடுகிறேன்.

"ஸ்பீக்கர் பக்கத்துல மட்டும் வெச்சிடாதீங்கம்மா. காந்தம் இருக்குது, அழிஞ்சிடும்" என்று போனில் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சித்தூர் பஸ்ஸில் எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் தலைக்குமேல் ஸ்பீக்கர் இருந்தது. பையை மடியில் வைத்தேன், காலடியில் வைத்தேன், குழந்தையோடு இடம் மாறினேன். சந்திரகிரி வருவதற்குள் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, சீட்லோ முள்ளுன்னாயா?" என்றார், சீட்டில் முள்ளா இருக்கிறது என்று. மோக்ஷிதா எழுந்து நின்று நிஜமாகவே முள்ளைத் தேடினாள்.

சார் ஒவ்வொரு கேசட்டாகத் துடைத்து, ஓடவிட்டு, ஹெட்போனில் கேட்டார். எனக்கும் ஒன்று தந்தார். நாடகம், விவசாயிகளுக்கான பேச்சு, நேயர் கடிதம், பாதிச் செய்தி. அறிவிப்பாளரின் குரல் நேற்றுப் பேசியது போல இருந்தது. சார் ஆச்சரியமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"வீட்ல இப்படி எடுத்ததுல இவ்ளோ சுத்தமா நான் கேட்டதே இல்லம்மா. ஒரு பாத்திரம் உருளல. ஒரு இருமல் இல்ல. உங்க வீட்ல பொம்பளைங்க இல்லியா?"

"இருந்தாங்க சார்" என்றேன்.

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நான் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுத்தம் முழுக்க அம்மா. அவள் இருக்கிற இடமெல்லாம் ஒன்றும் கேட்காது.

அதற்குப் பிறகு பல முறை போனேன். வீடு திரும்பியதும் மோக்ஷிதா, தாத்தா ரெக்கார்டு செய்த விதத்தை நான் சொல்லக் கேட்டு, பொம்மைகளை எதிரெதிரே வைத்து, உதட்டில் விரல் வைத்து விளையாட ஆரம்பித்தாள். "நீ பேசு கண்ணு, நீ எவ்வளவு வேணா பேசு" என்றேன். அவளோ, "ஷ்ஷ், ரெக்கார்டிங்" என்றாள்.

கடைசியில் கொஞ்சம்

கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிட்டது. நம்பிக்கையும்தான். டின்னின் அடியில் இருந்த ஒரு கேசட்டில் ஒரு குடும்ப நாடகம். வீட்டை விட்டுப் போன மகள் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறாள். மழை. கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து ஒரு குரல், "யாரு?"

அங்கே கரண்ட் வந்துவிட்டது.

தூரத்தில் ஒரு தறி. இன்னொன்று. பிறகு பக்கத்திலேயே ஒன்று. நைனா வழக்கமாக இதற்குள் நிறுத்தியிருப்பார். அன்று பட்டன் சிக்கிக்கொண்டதோ என்னவோ. அந்தத் தறிச் சத்தத்துக்குள் ஒரு பெண் குரல் நான்கைந்து வார்த்தை பேசுகிறது. கடைசியில் குரல் மேலே போகிறது, கேள்வி கேட்பது போல, அல்லது சிரிப்பது போல. உடனே டக்கென்று நின்றுவிடுகிறது.

சார் டேப்பை நிறுத்தினார். "இது நாடகத்துல வர்ற குரல் இல்லம்மா. டேப்புக்குப் பக்கத்துல இருந்து யாரோ பேசறாங்க."

திரும்பத் திரும்பப் போட்டோம். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. குரல் கட்டையா மெல்லியதா என்பதுகூட. அது முழுவதும் தறிக்கு அடியில் இருந்தது.

எங்கள் தெருக்காரர்களுக்குச் சத்தம் இல்லாத முகத்தைக் காட்டினால் போதும், என்ன பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். எனக்குக் கிடைத்ததோ முகம் இல்லாத சத்தம்.

சாருக்கு வேறொரு சந்தோஷம். "இந்த நாடகத்தோட பின்பாதி வேலூர்ல ஒருத்தர்கிட்ட இருக்குதும்மா. முன்பாதி கெடைக்காம எத்தன வருஷமா தேடிக்கினு இருக்கார் தெரியுமா? உங்களுதும் அவருதும் சேந்தா முழு நாடகம்."

ஒரு வாரத்தில் சேர்த்தும் விட்டார். "யாரு?" என்ற இடத்தில் எங்கள் வீடு முடிகிறது, அடுத்த நொடியில் வேலூர்க்காரர் வீடு, பின்னால் எங்கோ ஒரு கோழி. இப்போது யாரெல்லாமோ கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர், இதைச் சின்ன வயதில் கேட்டு அழுதேன் என்று சாருக்கு எழுதியிருக்கிறார். அம்மா பேசிய இடம் அதில் இல்லை. அது தனியாக என் போனில் இருக்கிறது.

நைனா பார்க்காதது

நைனாவுக்கு வலது காது போய்விட்டது. தறி ஓட்டியவர்களில் பலருக்கும் இப்படித்தான். இடது காதில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. மெஷின் வைத்தால், கிட்டத்தில் தெளிவாகப் பேசினால் கேட்கும். அதுவும் குறைந்துகொண்டே வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் அவரும் இப்போதும் உதட்டசைவில்தான் பேசிக்கொள்கிறோம். மோக்ஷிதாவும் கற்றுக்கொண்டுவிட்டாள். தாத்தாவிடம் எனக்குத் தெரியாமல் பிஸ்கட் கேட்க அது வசதியாக இருக்கிறது.

முதலில் நாடகத்தைச் சொன்னேன். "கதவத் தொறந்தது அந்தப் பொண்ணோட நைனாதான்."

அவர் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன். கூடத்துல எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னேன்" என்றார், தெருவுக்கே கேட்கிற குரலில்.

பிறகு அம்மாவைச் சொன்னேன்.

"அவ பேசமாட்டாளே" என்றார். "டேப்பு ஓடறப்ப மூச்சுகூட மெதுவாத்தான் வுடுவா."

"கரண்ட் வந்தப்புறம் நைனா. தறி சத்தத்துல."

கையில் இருந்த காபி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா" என்றார் கடைசியில். "தறி ஓடிடுச்சின்னா அவ வாயத் தொறந்துடுவா. அதுவரைக்கும் அடக்கி வெச்சிக்கினு இருப்பா இல்ல? ஒவ்வொரு தபாவும் எதனா சொல்லுவா, என்னப் பாத்து."

"இன்னா சொல்லும்?"

"நான் எங்க பாத்தேன்? நான் பட்டனப் பாத்துக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்துபோய் பால்கனியில் நின்றுகொண்டார்.

சில நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்த என் எதிரில் வந்து நின்றார். கன்னத்தில் விரலை வைத்தார். நான் நிமிர்ந்தேன். இந்த முறை சத்தமில்லாமல், உதட்டால் மட்டும் கேட்டார்.

"அந்தத் தறி சத்தத்த எடுத்துட்டா எனக்குக் கேக்குமா?"

சார் சொன்ன பதில்

சாரிடம் கேட்டேன். முடியும் என்றார். தறியை நீக்கிவிட்டுக் குரலை மட்டும் மேலே கொண்டுவரும் மென்பொருள் இப்போது வந்துவிட்டதாம். ஆனால் அவர் நேர்மையானவர்.

"தறி அடியில போன எழுத்து போனதுதாம்மா. அந்த எடத்த கம்ப்யூட்டரு தானா யோசிச்சி நெரப்பும். நல்லாத்தான் இருக்கும் கேக்க. ஆனா வர்றது முழுக்க உங்கம்மாதான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

அன்றிலிருந்து இதே யோசனைதான்.

நைனா கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. அவர் ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்கவேண்டும் என்கிறார். காது போவதற்குள் கேட்கவேண்டும். கம்ப்யூட்டர் பாதி நிரப்பினால்தான் என்ன, மீதிப் பாதி அவளுடையதுதானே என்று காலையில் தோன்றுகிறது.

சாயங்காலம் வேறு மாதிரி தோன்றுகிறது. இத்தனை வருடம் எனக்கு அம்மாவின் குரல் தெரியாது என்பதாவது நிச்சயமாக இருந்தது. யாரோ செய்த குரல் ஒன்று காதில் ஏறிவிட்டால் பிறகு அதை இறக்க முடியாது. மோக்ஷிதாவுக்கு ஆயா, அதாவது பாட்டி, என்றால் அந்தக் குரல்தான் என்று ஆகிவிடும். ஒருவேளை அதில் வருவது "அடுப்பை அணைத்துவிட்டேன்" என்பது போல ஒன்றாக இருந்தால்? இருந்தால் என்ன என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதைக்கூட நான் கேட்டதில்லையே.

என் கணவர் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உங்க நைனாவோட பொண்டாட்டி. அவருக்கு இல்லாத உரிமையா உனக்கு?" அவருக்கு எல்லாமே இப்படிச் சுலபம். வாசகர்களைக் கேட்கப்போகிறேன் என்றதும், "ஊரே சொன்னாலும் நீ அப்பவும் யோசிச்சிக்கினுதான் இருப்ப" என்று சிரித்தார். அதுவும் உண்மைதான்.

நேற்று மோக்ஷிதாவுக்குச் சோறு ஊட்டினேன். காக்கா பேசியது, நரி பேசியது. அவள் மறுபடி கேட்டுவிடுவாளோ என்று கதையை வேகமாக ஓட்டினேன். அவள் கேட்கவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, தன் உதட்டை மட்டும் அசைத்தாள், சத்தமே இல்லாமல், நான்கைந்து வார்த்தை. கீழுதடு ஒருபக்கம் கொஞ்சம் அதிகமாக மடங்கியது.

"ஆயா இப்படித்தானே பேசும்?" என்றாள்.

என்ன சொன்னாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களைக் கேட்கிறேன். என் நிலையில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நைனாவுக்காகத் தறிச் சத்தத்தை எடுக்கச் சொல்லட்டுமா, அம்மாவை அந்தச் சத்தத்துக்குள்ளேயே விட்டுவிடட்டுமா? உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், அவர்கள் செய்தது சரியாக வந்ததா, பிறகு வருந்தினார்களா என்பதையும் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. நைனாவின் இடது காதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.